மாத்திரைக்குக் கேட்காத இழுப்பு

எழுபதுகளின் நடுவில் எங்களுக்குக் கல்யாணம் ஆனபோது நான் வேலூரில் ஒரு மருத்துவக் கல்லூரியின் மருந்தியல் ஆய்வகத்தில் டெக்னீஷியனாக இருந்தேன். அவர் ஆம்பூரில் ஒரு தோல் கம்பெனியில் சூப்பர்வைசர். பதப்படுத்திய தோலுக்குச் சாயம் அடிக்கும் ஸ்ப்ரே பகுதி அவருடைய பொறுப்பு. வீடு ஆம்பூரில். காலையில் பாசஞ்சர் வண்டியைப் பிடித்துக் காட்பாடியில் இறங்கி, அங்கிருந்து பஸ்ஸில் கல்லூரிக்குப் போவேன். சாயங்காலம் அதே வழியில் திரும்புவேன்.

என் வேலையில் பாதி கினிப்பன்றியின் குடலோடுதான். மாணவர்களுக்குச் செய்முறை வகுப்பு இருக்கும் நாளில் அவர்கள் வருமுன் எல்லாம் தயாராக இருக்க வேண்டும். வழவழப்பான தாளை ஓர் உருளையில் சுற்றிப் புகைச்சுடரின் மேல் சுழற்றிக் கரி படிய வைப்பேன். கினிப்பன்றியின் சிறுகுடலில் சின்னத் துண்டு ஒன்றை எடுத்து, உடம்புச் சூட்டில் இருக்கும் உப்புக் கரைசலில் தொங்கவிட்டு, மேல்முனையை நூலால் ஒரு நெம்புகோலில் கட்டுவேன். குடல் சுருங்கினால் நெம்புகோலின் முனை மேலே போய்க் கரித்தாளில் வெள்ளைக் கோடு கிழிக்கும். கரைசலில் ஹிஸ்டமின் இரண்டு சொட்டு விட்டால் போதும், கோடு விருட்டென்று ஏறும். கழுவிவிட்டு, அலர்ஜிக்குக் கொடுக்கும் மருந்தைக் கரைசலில் சேர்த்து, மறுபடியும் ஹிஸ்டமின் விட்டால் கோடு படுத்தது படுத்தபடி கிடக்கும்.

எங்கள் பேராசிரியர் இதை மாணவர்களுக்கு எளிமையாகச் சொல்வார். உடம்பில் ஒத்துக்கொள்ளாத ஒன்று நுழைந்தால் சில செல்கள் ஹிஸ்டமினைக் கொட்டும். ஆனால் கொட்டியதால் மட்டும் ஒன்றும் ஆகாது. தசையின் செல் மேல் அதற்கென்று ஓர் இடம் இருக்கிறது. அதற்கு ரிசெப்டர் என்று பெயர். அங்கே போய் உட்கார்ந்தால்தான் சுருக்கமும் வீக்கமும் அரிப்பும்.

"பஸ்ல துண்டு போட்டு சீட்டு புடிக்கிற மாதிரி. மருந்து முதல்லயே துண்டு போட்டுட்டா, அப்புறம் ஹிஸ்டமின் எவ்வளவு வந்தாலும் நின்னுக்கிட்டுதான் இருக்கணும்" என்பார்.

வகுப்புக்கு வகுப்பு இதைக் கேட்டுக் கேட்டு, அந்த மருந்தின் மேல் எனக்கு ஒரு நம்பிக்கை வந்துவிட்டது. என் கண் முன்னால் அது ஒருமுறைகூடத் தோற்றதில்லை.

ஒரு நாள் மட்டும் வேறொன்று பார்த்தேன். பேராசிரியர் தன் சொந்த ஆராய்ச்சிக்காக, முட்டையின் வெள்ளைக்கருவை ஊசியாகப் போட்டு ஒரு கினிப்பன்றிக்கு அலர்ஜி உண்டாக்கியிருந்தார். சில வாரம் கழித்து அதன் நுரையீரலை எடுத்து அதே வெள்ளைக்கருவை உள்ளே செலுத்தி, அதிலிருந்து வடிந்த நீரை வேறொரு குடல் துண்டின் மேல் விடச் சொன்னார். ஹிஸ்டமினை மறிக்கும் மருந்து முன்பே கரைசலில் இருந்தது. கோடு அசையாது என்றுதான் நினைத்தேன். கொஞ்ச நேரம் அசையவும் இல்லை. பிறகு நோகாமல், அவசரமே இல்லாமல், ஏறத் தொடங்கியது. ஏறியது இறங்கவில்லை. இரண்டு முறை கழுவிய பிறகும் மேலேயே நின்றது.

"இது ஹிஸ்டமின் இல்லம்மா, வேற ஏதோ. என்னன்னு இன்னும் யாருக்கும் தெரியல. மெதுவா வேலை செய்யிற பொருள்னு மட்டும் சொல்லி வெச்சிருக்காங்க. ஆஸ்துமாவுல இதுக்குத்தான் பங்கு ஜாஸ்தின்னு ஒரு பேச்சு" என்றார் பேராசிரியர்.

அந்தத் தாளுக்கு வார்னிஷ் பூசி உலர்த்திப் பத்திரப்படுத்தினேன். அன்றைக்கு அது எனக்கு ஒரு நாள் வேலை, அவ்வளவுதான்.

அவருக்கு மூக்கடைப்பு கல்யாணத்துக்கு முன்பே இருந்திருக்கிறது. எப்போதும் சளி பிடித்தவர் மாதிரிதான் பேசுவார். காலையில் எழுந்ததும் பத்துப் பதினைந்து தும்மல். நெற்றிப் பொட்டிலும் கண்ணுக்குக் கீழேயும் வலி. ஸ்ப்ரே பகுதியில் தின்னர் வாடை மூச்சை அடைக்கும் அளவுக்கு இருக்கும் என்பதால், அதனால்தான் என்று எல்லோரும் முடிவு கட்டியிருந்தார்கள். குழம்பு தீய்ந்து வீடெல்லாம் புகை வந்தாலும் அவருக்குத் தெரியாது. அதையும் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. தோல் கம்பெனியில் வேலை செய்கிறவர்கள் எல்லோருமே எங்களுக்கு நாற்றம் தெரியாது என்றுதான் சொல்வார்கள்.

கல்யாணமான இரண்டாவது வருஷம் இழுப்பு வந்தது. முதல் தடவை கம்பெனியிலேயே வந்தது. இரண்டு பேர் கைத்தாங்கலாக வீட்டுக்குக் கொண்டுவந்து விட்டார்கள். கம்பெனி டாக்டர் ஊசி போட்டுவிட்டு, ஸ்ப்ரே ஒத்துக்கொள்ளவில்லை, இடத்தை மாற்ற வேண்டும் என்றார். தோல்களைத் தரம் பிரிக்கும் பகுதிக்கு மாற்றினார்கள். அவருக்கு அதில் மனசே இல்லை. ஸ்ப்ரே பகுதியில் சாயம் கலப்பதில் அவர் கை தேர்ந்தவர். மாதிரித் துண்டைக் காட்டினால் அதே நிறத்தை ஒரு மணி நேரத்தில் கொண்டுவந்து விடுவார். இங்கே வெறுமனே நின்று தோலைப் புரட்ட வேண்டும்.

இடம் மாறியும் இழுப்பு நிற்கவில்லை. மாதத்துக்கு ஒரு தடவை, சில மாதம் இரண்டு தடவை. ஞாயிற்றுக்கிழமையும் வந்தது, பொங்கல் லீவிலும் வந்தது. ஏலகிரிக்கு ஒரு நாள் போயிருந்தோம். மலைக்காற்று நல்லது என்று சொன்னார்கள். அங்கேயும் வந்தது. முன்னதாக எப்போதும் தலைவலி வரும். தலைவலி வந்தால் அடுத்து மூச்சு வாங்கும் என்று நாங்களே கண்டுபிடித்து வைத்திருந்தோம்.

ஆய்வகத்தில் எல்லாவற்றையும் எழுதி வைக்கும் பழக்கம் எனக்கு. ஒரு நோட்டுப் போட்டு, இழுப்பு வந்த நாட்களில் என்ன சாப்பிட்டார், எங்கே போனார், என்ன வேலை செய்தார் என்று எழுத ஆரம்பித்தேன். தினமும் கேள்வி கேட்டுக் கேட்டு அவருக்கு எரிச்சல் வந்துவிட்டது.

"நான் இன்னா உன் கினிப்பன்றியா?" என்றார் ஒரு நாள்.

"கினிப்பன்றி இவ்வளவு கோவப்படாது" என்றேன்.

சிரித்தார். ஆனாலும் பதில் சொல்வது குறைந்துபோனது.

நான் பயந்த நாள் ஒரு ஞாயிற்றுக்கிழமை. சர்ச்சிலிருந்து திரும்பும்போதே நெற்றியைப் பிடித்துக்கொண்டு வந்தார்.

"தலை வலிக்குது. மாத்திரை இருக்கா?"

என் கைப்பையில் எப்போதும் ஒரு பட்டை இருக்கும். தெருமுனைப் பெட்டிக்கடையிலேயே கிடைக்கும் தலைவலி மாத்திரைதான். இரண்டு எடுத்துக் காபியோடு கொடுத்தேன். போட்டுக்கொண்டு கட்டிலில் சாய்ந்தார். நான் அடுப்படிக்குப் போனேன்.

சாதம் வடித்து நிமிர்வதற்குள் உள்ளேயிருந்து தும்மல் கேட்டது. ஒன்றன் பின் ஒன்றாக, நிற்காமல். போய்ப் பார்த்தேன். முகமும் கழுத்தும் சிவந்திருந்தன. கண்ணிலிருந்தும் மூக்கிலிருந்தும் தண்ணீர் கொட்டியது. கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்து இரண்டு கையையும் முழங்கால்மேல் ஊன்றியிருந்தார். நெஞ்சிலிருந்து விசில் சத்தம் வர ஆரம்பித்தது.

எனக்குப் பதற்றம் இல்லை. அதை இப்போது நினைத்தால்தான் உடம்பு கூசுகிறது. முகம் சிவந்திருக்கிறது, தும்மல் வருகிறது, மூக்கு ஒழுகுகிறது, ஹிஸ்டமின் என்று நினைத்தேன். அலமாரியில் அலர்ஜி மாத்திரை வைத்திருந்தேன். எடுத்து வாயில் போட்டுத் தண்ணீர் கொடுத்தேன்.

"கொஞ்ச நேரம் பொறுத்துக்கோங்க, அடங்கிடும்" என்றேன்.

அவர் தலையை மட்டும் ஆட்டினார்.

சத்தம் கேட்டுப் பக்கத்து வீட்டு அக்கா வந்தார். முஸ்லிம் குடும்பம். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். நான் வேலைக்குப் போனபிறகு எங்கள் வீட்டுச் சாவி அவரிடம்தான் இருக்கும். வாசலில் நின்று அவரைப் பார்த்ததுமே முகம் மாறிவிட்டது.

"இன்னா தங்கச்சி, இப்படி இழுக்குது. டாக்டர் கிட்ட கூட்டிட்டுப் போலாம் வா."

"மாத்திரை குடுத்திருக்கேன் அக்கா. வேலை செய்யக் கொஞ்ச நேரம் ஆகும்."

"எவ்ளோ நேரம்?"

"அரை மணி."

அக்கா அதற்கு மேல் வற்புறுத்தவில்லை. நான் ஆஸ்பத்திரியில் வேலை செய்கிறவள், எனக்குத் தெரியும் என்று நினைத்திருப்பார். அவர் பக்கத்தில் உட்கார்ந்து முதுகைத் தேய்த்துவிட்டார். நான் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பத்து நிமிஷம். இருபது. ஒவ்வொரு மூச்சுக்கும் அவருடைய தோள் காது வரை ஏறி இறங்கியது. கழுத்தெலும்புக்கு மேலே தோல் குழிந்து குழிந்து உள்ளே போனது. பேச முயன்றார், ஒரு வார்த்தைக்கு மேல் வரவில்லை. இருந்தும் நான் இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று காத்திருந்தேன். நாற்பது நிமிஷம் அப்படிப் போனது.

பிறகு விசில் சத்தம் குறைந்தது. நன்றாகவே குறைந்தது.

"அடங்குது அக்கா" என்றேன்.

அக்கா அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். சட்டென்று அவருடைய கையை எடுத்து நகத்தைப் பார்த்தார்.

"சத்தம் நின்னுடுச்சுன்னு சந்தோஷப்படாதே. உதட்டைப் பாரு. எங்க அத்தாவுக்கு இப்படித்தான் ஆச்சு. காத்து உள்ள போனாத்தானே சத்தம் வரும்?"

உதடு ஈயப் பாத்திரத்தின் நிறத்தில் இருந்தது. கண் பாதி மூடியிருந்தது.

அக்காவின் கொழுந்தனாரிடம் மெட்ராஸுக்குத் தோல் ஏற்றிப் போகும் வேன் ஒன்று இருந்தது. அன்றைக்கு வீட்டு வாசலில் நின்றது. அக்கா ஓடிப்போய் அவரை எழுப்பிக்கொண்டு வந்தார். மூன்று பேரும் சேர்ந்து தூக்கி, வேனின் பின்பக்கம் கிடந்த தோல் கட்டுகள்மேல் அவரைச் சாய்த்து உட்கார வைத்தோம். படுக்க வைத்தால் மூச்சு இன்னும் முட்டியது. நான் பின்னால் உட்கார்ந்து என் நெஞ்சோடு சாய்த்துப் பிடித்துக்கொண்டேன். அக்கா வாசல் கதவைச் சாத்தக்கூட இல்லை.

ஆஸ்பத்திரி ரயில் பாதைக்கு அந்தப் பக்கம். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது கேட் மூடியிருந்தது. கூட்ஸ் வண்டி ஒன்று வரப்போகிறது என்றார்கள். இரண்டு மாட்டு வண்டியும் ஒரு லாரியும் முன்னால் நின்றன. கொழுந்தனார் இறங்கிப்போய்க் கேட்மேனிடம் கையெடுத்துக் கும்பிட்டுப் பேசுவது தெரிந்தது. கேட்மேன் கையை விரித்தார். சிக்னல் விழுந்த பிறகு அவர் என்ன செய்ய முடியும்?

வண்டி அங்கே நின்றபோதுதான் எனக்கு மூளை வேலை செய்தது. அலர்ஜி மாத்திரை போட்டு ஒரு மணி நேரம் ஆகப் போகிறது. ஹிஸ்டமினாக இருந்தால் இதற்குள் கொஞ்சமாவது அசைந்திருக்க வேண்டும். இது அது இல்லை. இது அந்த இன்னொன்று. மருந்து ஏற்கெனவே இடம் பிடித்துவிட்டது, ஆனால் நுரையீரலில் குழாயைப் பிடித்து நெரிப்பது வேறொன்று, அது உட்காரும் இடமே வேறு. என்னிடம் இருக்கிற எந்த மாத்திரையும் அதைத் தொடாது. எது கொட்டினாலும் சரி, சுருங்கிய தசையை நேராகத் தளர்த்திவிடக் கூடியது ஒன்றுதான் எனக்குத் தெரியும். அட்ரினலின் ஊசி.

கேட்டுக்கு இந்தப் பக்கம், சர்ச்சுக்குப் பின்னால் உள்ள தெருவில் ரிட்டையரான நர்ஸம்மா ஒருவர் இருந்தார். எங்கள் சபைதான். இழுப்புக்காரர்கள் அவசரத்துக்கு அவர் வீட்டுக்குப் போய் ஊசி போட்டுக்கொள்வார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். வீட்டில் இருப்பாரா, மருந்து வைத்திருப்பாரா, ஒன்றும் தெரியாது.

"வண்டியத் திருப்புங்க" என்றேன்.

கொழுந்தனார் திரும்பிப் பார்த்தார். "கூட்ஸ் வந்துட்டா கேட் திறந்துடும் தங்கச்சி. இப்ப திருப்பினா அப்புறம் மறுபடியும் வந்து வரிசைல நிக்கணும்."

"வேணாம். திருப்புங்க. நர்ஸம்மா வீட்டுக்குப் போலாம்."

"வீட்ல இல்லன்னா?"

அக்காதான் சொன்னார்: "அவ சொல்றா, திருப்பு."

பின்னால் ஒரு ஜீப் வந்து நின்றுவிட்டது. அதை நகர்த்தச் சொல்லி, வேனை முன்னும் பின்னுமாக ஒடித்துத் திருப்புவதற்குள் கூட்ஸின் ஊதல் கேட்டது. நான் செய்தது தப்பு, இன்னும் இரண்டு நிமிஷம் நின்றிருக்கலாம் என்று ஒரு நினைப்பு வந்தது. அவருடைய தலை என் தோளில் கனத்துக்கொண்டே போனது.

நர்ஸம்மா வீட்டில் இருந்தார். ஆராதனைக்குக் கட்டியிருந்த வெள்ளைப் புடவையை இன்னும் மாற்றவில்லை. வேனுக்குள்ளேயே ஏறி வந்து பார்த்தார். நேராக உள்ளே போய், கொதித்த தண்ணீரில் கிடந்த சிரிஞ்சையும் ஒரு சிறு கண்ணாடிக் குப்பியையும் கொண்டுவந்தார்.

"இன்னா மாத்திரை குடுத்தீங்க?"

"அலர்ஜி மாத்திரை."

"அதுக்கு முன்னாடி?"

"ஒண்ணும் இல்ல" என்றேன்.

பொய் சொல்ல வேண்டும் என்று சொல்லவில்லை. தலைவலி மாத்திரை எனக்கு ஒரு மருந்தாகவே தோன்றவில்லை.

சட்டைக் கையைச் சுருட்டி, தோலுக்கடியில் மெதுவாக ஊசி போட்டார். பிறகு அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு தன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். ஐந்து நிமிஷம் இருக்கும். ஒரு மாற்றமும் இல்லை. நர்ஸம்மா இன்னும் கொஞ்சம் மருந்தை ஏற்றி மறுபடியும் போட்டார். இந்த முறை நர்ஸம்மா பிடித்திருந்த அவருடைய கை விரல்கள் நடுங்க ஆரம்பித்தன. மருந்து வேலை செய்தால் அப்படி நடுங்கும் என்று எனக்குத் தெரியும். அதற்குப் பிறகு, எங்கிருந்தோ வருவதுபோல, விசில் சத்தம் திரும்ப வந்தது.

"வரட்டும், வரட்டும். நல்லாச் சத்தம் வரட்டும்" என்றார் நர்ஸம்மா.

கொஞ்சம் கொஞ்சமாக உதட்டில் நிறம் ஏறியது. அவர் கண்ணைத் திறந்து, "தண்ணி" என்றார். அக்கா முக்காட்டால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். எனக்கு அழுகை வரவில்லை. அவருடைய சட்டைப் பொத்தானைத் திரும்பத் திரும்பப் போட்டுக் கழற்றிக்கொண்டிருந்தேன்.

கேட் திறந்த பிறகு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். அங்கே இரண்டு நாள். பிறகு நான் வேலை செய்யும் இடத்துக்கே வேலூருக்குக் கூட்டிக்கொண்டு போனேன். நெஞ்சு நோய்ப் பிரிவில் ஒரு டாக்டரம்மா. நடுத்தர வயது, அதிகம் பேச மாட்டார். நான் நோட்டைக் கொடுத்தேன். பொறுமையாக எல்லாப் பக்கத்தையும் படித்தார். பிறகு என்னை விட்டுவிட்டு அவரிடம் கேட்டார்.

"வாசனை தெரியுதா உங்களுக்கு?"

"டேனரில வேலை செய்றவனுக்கு வாசனை இன்னாங்க."

"மல்லிப்பூ? காபி?"

அவர் யோசித்தார். "இல்லீங்க. மூணு நாலு வருஷமா இல்ல."

சின்ன விளக்கை வைத்து மூக்குக்குள் பார்த்தார். என்னையும் கூப்பிட்டுக் காட்டினார். இரண்டு பக்கமும் தோல் உரித்த திராட்சை மாதிரி சதை வளர்ந்து அடைத்திருந்தது.

"நோட்ல எல்லா இடத்துலயும் தலைவலின்னு எழுதியிருக்கீங்க. தலைவலிக்கு என்ன போடுவார்?"

கேள்வி முடிவதற்குள் கைப்பையைத் திறந்து அந்தப் பட்டையை எடுத்து மேஜைமேல் வைத்தேன். ஆஸ்பிரின். ஏலகிரியில் கொடுத்தது நான். பொங்கலன்று கொடுத்தது நான். கம்பெனியில் முதல் தடவை வந்த அன்று, காலையில் டிபன் பெட்டியோடு ஒரு மாத்திரையைத் தாளில் மடித்து வைத்ததும் நான்தான். நோட்டில் குழம்புக்குப் போட்ட கத்தரிக்காயைக்கூட எழுதியிருந்தேன், மாத்திரையை எழுதவில்லை.

டாக்டரம்மா ஒன்றும் குற்றம் சொல்லவில்லை. மூக்குச் சதை, ஆஸ்துமா, ஆஸ்பிரின் ஒத்துக்கொள்ளாமை, மூன்றும் சேர்ந்து வருவது உண்டு என்றார். ஆனால் இதை வைத்து மட்டும் உறுதியாகச் சொல்ல முடியாது. ஸ்ப்ரேயும் காரணமாக இருக்கலாம். உறுதி செய்ய வேண்டுமானால் ஒரே வழி, வார்டில் எல்லாவற்றையும் தயாராக வைத்துக்கொண்டு, துளியூண்டு ஆஸ்பிரினைக் கொடுத்துப் பார்ப்பது.

நான் வேண்டாம் என்றேன். "இனிமே ஆஸ்பிரினே குடுக்க மாட்டேன். அது போதாதா?"

அவர் என்னைத் தடுத்தார். "ஆஸ்பிரின்தான்னு தெரிஞ்சா நான் திரும்ப ஸ்ப்ரேக்குப் போலாமா டாக்டர்?"

"முகமூடி போட்டுக்கிட்டுப் போலாம்."

"அப்போ குடுங்க."

வராந்தாவில் நாங்கள் சண்டை போட்டோம். கல்யாணமாகி அப்படி ஒரு சண்டை போட்டதில்லை. அந்த வேனில் சாய்ந்து கிடந்தது உங்களுக்கு ஞாபகம் இல்லை, எனக்குத்தான் இருக்கு என்றேன். அவர் குரலை உயர்த்தவே இல்லை. "காரணம் தெரியாம தினமும் பயந்துக்கிட்டே தோலைப் புரட்டிட்டு நிக்க முடியாது. எனக்கு அது பேஜாரா இருக்கு" என்றார். கடைசியில் நான்தான் விட்டுக்கொடுத்தேன்.

அடுத்த வாரம் ஒரு காலைப்பொழுது. கட்டிலுக்குப் பக்கத்தில் ஊசிகளை ஏற்றி மூடி வைத்திருந்தார்கள். ஆக்ஸிஜன் சிலிண்டர் நின்றது. மாத்திரையில் ஒரு சிறு பங்கைத் தூளாக்கித் தண்ணீரில் கலந்து கொடுத்தார்கள். கால் மணிக்கு ஒரு தடவை ஒரு கருவியில் முழு மூச்சோடு ஊதச் சொல்லி எழுதினார்கள். முதல் ஒரு மணி நேரம் ஒன்றும் இல்லை. அவர் முகம் வாடியதைப் பார்த்தேன். ஆஸ்பிரின் இல்லை என்றால் ஸ்ப்ரே பகுதி போனது போனதுதான்.

இன்னும் கொஞ்ச நேரத்தில் மூக்கைத் துடைத்தார். மறுபடி துடைத்தார். கண்ணோரம் சிவந்தது. ஊதியபோது கருவியின் முள் முன்பு நின்ற இடத்துக்குப் போகவில்லை. அடுத்த தடவை இன்னும் கீழே. நெஞ்சிலிருந்து அந்தச் சத்தம். நான் கட்டில் கம்பியை இறுகப் பிடித்தேன். டாக்டரம்மா அவசரப்படாமல், ஆனால் ஒரு நொடியும் வீணாக்காமல், ஊசியைப் போட்டார்.

மூச்சு வாங்கிக்கொண்டே அவர் சிரித்தார். இழுப்பு வந்ததற்காகச் சிரித்த மனிதரை நான் அதற்கு முன்பும் பின்பும் பார்த்ததில்லை.

மறுநாள் பேராசிரியரிடம் போய்ச் சொன்னேன். நாற்பது நிமிஷம் காத்திருந்ததையும் சொன்னேன். அதை அதுவரை யாரிடமும் சொல்லவில்லை.

"குடல் துண்டுல பாக்குறதுக்கு நாம எது போட்டோமோ அதுதான் தெரியும். மனுஷன் உடம்புல எது கொட்டுதுன்னு யாரு எழுதி வெச்சிருக்காங்க? நானா இருந்தாலும் காத்திருப்பேன்" என்றார்.

பிறகு, உடம்பு புரோஸ்டாகிளாண்டின் என்ற இன்னொரு பொருளை உண்டாக்குவதை ஆஸ்பிரின் தடுக்கிறது, வலியும் வீக்கமும் அதனால்தான் குறைகின்றன என்று இப்போது தெரிந்திருப்பதாகச் சொன்னார். அதைத் தடுத்தால் இவருக்கு ஏன் மூச்சு அடைக்கிறது என்று கேட்டேன். தெரியாது என்றார்.

விடை எண்பதுகளில்தான் கிடைத்தது. கல்லூரி நூலகத்துக்கு வந்த ஒரு பத்திரிகையில் படித்தேன். அந்த மெதுவான பொருளின் அமைப்பைக் கண்டுபிடித்து லூக்கோட்ரையீன் என்று பெயரும் வைத்துவிட்டிருந்தார்கள். செல்லின் உறையில் உள்ள ஒரே கொழுப்பிலிருந்து இரண்டு வழி பிரிகிறதாம். ஒன்று புரோஸ்டாகிளாண்டினுக்கு, மற்றொன்று இதற்கு. ஆஸ்பிரின் முதல் வழியை அடைத்துவிட்டால், சிலருடைய உடம்பில் இரண்டாவது வழியில் வெள்ளமாகக் கொட்டுகிறது என்று கருதினார்கள். அன்று சாயங்காலம் அவரிடம் சொன்னேன். கவனமாகக் கேட்டுவிட்டு, "அப்போ அதை மறிக்க மாத்திரை வந்துடுச்சா?" என்றார். இன்னும் இல்லை என்றேன். "வந்தா சொல்லு" என்று சட்டையைக் கழற்றி மாட்டினார்.

அவரிடமும் நான் ஒரு நாள் சொல்லிவிட்டேன், மாத்திரைகளை எடுத்துக் கொடுத்தது எல்லாம் நான்தான், பிறகு நேரத்தைக் கடத்தியதும் நான்தான் என்று.

"மாத்திரை நான் கேட்டு வாங்கிப் போட்டது. வண்டியத் திருப்பச் சொன்னது நீ. அதையும் சேர்த்துச் சொல்லு" என்றார். அந்தப் பேச்சு அதோடு முடிந்தது. எனக்குள் முடியவில்லை.

அவர் ஸ்ப்ரே பகுதிக்கே திரும்பினார். மூக்குச் சதையை அறுவை செய்து எடுத்தார்கள். கட்டுப் பிரித்த வாரம் வேலைக்குப் போனவர், மத்தியானமே வீட்டுக்கு வந்துவிட்டார். "இந்த ஊரு இப்படியா நாறுது?" என்றார். இரண்டு மாதம் அந்த நாற்றத்தையும் என் தலையில் இருந்த பூ வாசனையையும் அனுபவித்தார். சதை மறுபடி வளர்ந்தது, மறுபடி எடுத்தார்கள். இழுப்பு முற்றிலும் போகவில்லை. குளிர்காலத்தில் வரும், மருந்துக்கு அடங்கும். அந்த ஞாயிற்றுக்கிழமை மாதிரி மறுபடி வந்ததில்லை.

அவருடைய சட்டைப் பையில் எப்போதும் ஒரு சீட்டு இருக்க வேண்டும் என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். மயங்கி விழுந்தால் யாராவது எடுத்துப் படிக்க வேண்டும். இவருக்கு ஆஸ்பிரின் கொடுக்கக் கூடாது என்று தமிழிலும் இங்கிலீஷிலும் நான் எழுதினேன். வாணியம்பாடி, மேல்விஷாரம் என்று உருது பேசுகிற ஊர்களுக்குக் கம்பெனி வேலையாகப் போகிறவர் ஆயிற்றே, உருதுவிலும் இருக்கட்டும் என்று அக்கா கேட்டு வாங்கி அடியில் எழுதிக் கொடுத்தார். சட்டையோடு சேர்த்துத் துவைத்து அடிக்கடி அதைக் கூழாக்கிவிடுவேன். ஒவ்வொரு தடவையும் நான் இரண்டு வரி எழுதிக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போவேன், அவர் மாவுக் கையைத் துடைத்துக்கொண்டு மூன்றாவது வரியை எழுதுவார்.

சில வருஷம் கழித்து அவர்கள் குடும்பம் மெட்ராஸுக்கே குடிபோவது என்று முடிவானது. சாமான் கட்டிக்கொண்டிருந்த நாளில் அக்கா என்னைக் கூப்பிட்டார். நோட்டுத் தாளைச் சதுரம் சதுரமாக வெட்டி, அடியில் உருது வரியை மட்டும் எழுதி, மேலே எனக்கு இடம் விட்டு, நூல் சுற்றி ஒரு கட்டாக வைத்திருந்தார்.

"இருபது இருக்கு. பார்த்துத் துவை" என்றார்.

"தீர்ந்துட்டா?"

"தீர்றதுக்குள்ள நான் ஒரு தடவை வந்துட மாட்டேனா?"

அந்தக் கட்டு தீர்வதற்குள் மூன்று தடவை வந்தார்.